கோலப்பொடியும் கோழியிறகும்: வார இறுதித் தமிழ் வகுப்பில் செய்யத்தக்க ஓவியப் பணிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சனிக்கிழமை காலையில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே பேசுபவர்கள். தமிழ் என்பது அவர்களுக்கு ஆயாவின், அதாவது பாட்டியின், வாயிலும் கோயில் பாடலிலும் கேட்ட மொழி. அப்படிப்பட்ட வகுப்பொன்றில் எழுத்தோடும் சொல்லோடும் ஓவியத்தையும் சேர்த்துக் கற்பித்து வரும் ஆசிரியை என்ற முறையில், மற்ற ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் உதவும் என்று கருதி, பிள்ளைகளோடு செய்து பார்த்த சில பணிகளை இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றும் பெயர்பெற்ற ஓர் ஓவியரின் வேலையிலிருந்தோ, தலைமுறைகளாகக் கைமாறி வரும் ஒரு மரபிலிருந்தோ எடுக்கப்பட்டது. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இவை பொருந்தும்.

முதல் ஆண்டில் நான் ஒரு தவறு செய்தேன். புகழ்பெற்ற ஓவியங்களின் கோட்டுப் படிகளை அச்சிட்டுக் கொடுத்து, வண்ணம் தீட்டச் சொன்னேன். இருபது நிமிடத்தில் எல்லோரும் முடித்துவிட்டார்கள். அடுத்த வாரம் அந்த ஓவியர் யார் என்று கேட்டபோது ஒருவருக்கும் நினைவில்லை. ஓவியத்தின் தோற்றத்தை மட்டும் அவர்கள் கையில் கொடுத்து, அந்தத் தோற்றம் உருவான வேலையை நான் மறைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு எந்தப் பணியைத் திட்டமிட்டாலும் மூன்று கேள்விகளை முதலில் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஓவியர் கையில் எந்தக் கருவி இருந்தது, எதை முதலில் செய்து எதைப் பின்னர் செய்தார், எந்த விதியை மீறாமல் இருந்தார்? இம்மூன்றையும் பிள்ளைகள் பின்பற்றினால் போதும். வரையும் பொருள் அவர்களுடையதாகவே இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

கோலமும் அங்கோலாவின் மணல் வரைவும்

ஆண்டின் முதல் பணியாகக் கோலத்தை வைப்பதே நல்லது. பிள்ளைகளுக்கு அது தெரிந்த பொருள். அதில் புதியது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் அவர்கள் வருகிறார்கள். கடையில் விற்கும் அரிசி மாவு மிக மென்மையானது. கடற்காற்று வீசும் நம் ஊரில் அது கோடாக விழுவதற்குள் பறந்துவிடும். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, சற்றுக் கொரகொரப்பாக அரைத்துச் சலித்தால் விரலிடுக்கிலிருந்து ஒழுங்காக இறங்கும் பொடி கிடைக்கும். தரையில் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, ஈரம் பாதி காய்ந்த நிலையில் வேலையைத் தொடங்க வேண்டும். பொடியைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் எடுத்து, முதல் பத்து நிமிடம் நேர்கோடு மட்டும் இழுக்கச் சொல்லவும். கையை வேகமாக நகர்த்தினால் கோடு மெலியும், தயங்கினால் தடிக்கும் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

அடுத்து நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம். ஒரு சாண் இடைவெளியில் வரிசைக்கு இரண்டு புள்ளியாக மூன்று வரிசை வைக்க வேண்டும். விதி எளியது: அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாகக் கடக்க வேண்டும், ஓரத்துக்கு வந்தால் ஓரப் புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும், எந்தப் புள்ளியையும் தொடக்கூடாது. இந்த விதியைக் காத்து வரைந்தால் இரண்டுக்கு மூன்று என்ற அமைப்பில் ஒரே கோடு எல்லாப் புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். பிறகு மூன்றுக்கு மூன்று வைத்து வரையச் சொல்லவும். அங்கே ஒரு கோடு போதாது, மூன்று தனித்தனிக் கோடுகள் வேண்டியிருக்கும். மூன்றுக்கு நான்கு என்றால் மீண்டும் ஒரே கோடு. நான்குக்கு ஆறு என்றால் இரண்டு.

இந்த எண்களைப் பலகையில் எழுதிவைத்து, காரணத்தைச் சொல்லாமல் காத்திருக்க வேண்டும். எங்கள் வகுப்பில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி இரண்டாம் வாரத்தில் கண்டுபிடித்தாள்: இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடுகள்தாம் அந்தக் கோலத்தில் இருக்கும். பள்ளிக் கணக்கில் மீப்பெரு பொதுக் காரணி என்று படிக்கிற அதே எண். தன் ஆயா வாசலில் போட்டதற்குள் இந்தக் கணக்கு இருந்தது என்று அறிந்தபோது அவள் முகத்தில் தோன்றிய பெருமிதத்தை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

இந்த இடத்தில்தான் அங்கோலாவைக் கொண்டுவர வேண்டும். அந்நாட்டின் கிழக்குப் பகுதியிலும் அதையடுத்த நாடுகளிலும் வாழும் சோக்வே மக்களிடம் சோனா என்ற மணல் வரைவு மரபு உண்டு. கதை சொல்பவர் தரையைத் துடைத்துச் சமமாக்கி, விரல் நுனியால் ஒரே இடைவெளியில் புள்ளிகள் வைத்து, அவற்றைச் சுற்றி ஒரு கோட்டை ஓட்டிக்கொண்டே கதையைச் சொல்வார். நடுவில் தயங்கி நின்றால் அது குறையாகக் கருதப்படும். நம் சிக்குக் கோலத்தின் விதியே அங்கும் ஆள்கிறது. மொசாம்பிக்கில் பணியாற்றிய கணித அறிஞர் பாவுலுஸ் கெர்டெஸ், சோனாவைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்ததோடு தமிழர் கோலங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். நம்மிடம் கோலம் பெண்கள் வாசலில் போடுவது. சோக்வே மக்களிடம் சோனா ஆண்கள் வழியாக வந்தது. நாம் வாழும் கண்டத்திலேயே நம் வாசற்கோட்டுக்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது என்ற செய்தி, இரண்டு அடையாளங்களுக்கு நடுவே வளரும் நம் பிள்ளைகளுக்கு மிக முக்கியமானது என்று நான் நம்புகிறேன்.

சோனா பணிக்கு அடுப்பில் வைக்கும் அகலமான தட்டும் கடற்கரை மணலும் போதும். மணலைச் சலித்து, விரல் தடம் நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமாக்கி, இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பவும். ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து தமிழ் வாக்கியங்களில் ஒரு சிறு கதையை ஆயத்தம் செய்ய வேண்டும். மூன்றுக்கு நான்கு புள்ளிகளை வைத்து, கோட்டை ஓட்டியபடியே கதையைச் சொல்லி, கோடு மூடும் இடத்தில் கதையும் முடியும்படி செய்ய வேண்டும். சொல் கிடைக்காமல் நின்றால் விரலும் நின்றுவிடும் என்பதால், பிள்ளைகள் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கிறார்கள். நான் கொடுத்த எந்தப் பேச்சுப் பயிற்சியும் இவ்வளவு பயன் தந்ததில்லை. முடிந்ததும் மணலைத் தட்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். நிழற்படம் எடுக்கக் கேட்கும் பிள்ளைகளை இந்த ஒரு பணியில் மட்டும் நான் அனுமதிப்பதில்லை. அழிந்துபோவதும் இந்த மரபின் ஒரு பகுதியே.

எஸ்தர் மஹ்லாங்குவின் சுவர்

தென்னாப்பிரிக்காவின் ந்டெபெலே மக்களின் வீட்டுச் சுவர் ஓவியத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் முதலில் சொல்லத்தக்கவர் எஸ்தர் மஹ்லாங்கு. 1935ஆம் ஆண்டு இன்றைய ம்புமலாங்கா மாகாணத்தின் மிடல்பர்க் அருகே பிறந்த இவர், பத்து வயதில் தாயிடமும் பாட்டியிடமும் இக்கலையைக் கற்றார். 1989இல் பாரிசு நகரில் நடந்த பெரிய கண்காட்சியில் பங்கேற்றார், 1991இல் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் கார் ஒன்றின் மேல் ந்டெபெலே வடிவங்களைத் தீட்டி, அந்நிறுவனத்தின் ஓவியக் கார் வரிசையில் இடம்பெற்ற முதல் பெண்மணியானார். ஆனால் பிள்ளைகளுக்குக் காரைவிடப் பிடிப்பது அவருடைய சிறுவயது நிகழ்ச்சிதான். பெரியவர்கள் மதியம் ஓய்வெடுக்கும்போது அவர் தாமாகவே சுவரில் வரைந்துவிடுவாராம். கோடு நன்றாக வராததால் வீட்டின் பின்புறச் சுவரில் மட்டும் வரையச் சொன்னார்களாம். கை திருந்திய பிறகுதான் முன்புறச் சுவர் கிடைத்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதனால் எங்கள் வகுப்பிலும் பின்சுவர், முன்சுவர் என்று இரண்டு நிலைகள் உண்டு. பழைய நாளிதழ்த் தாள் பின்சுவர். வெள்ளை பூசிய அட்டை முன்சுவர். நாளிதழில் ஒரு முழுப் பக்கம் நேர்கோடு இழுத்துக் காட்டாத பிள்ளைக்கு அட்டை தரப்படுவதில்லை. இது கண்டிப்பாகத் தோன்றலாம். ஆனால் கதையைக் கேட்ட பிள்ளைகள் இதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்கள்.

மஹ்லாங்கு அளவுகோலையோ முன்வரைவையோ பயன்படுத்துவதில்லை. கோழியிறகைத் தூரிகையாகக் கொண்டு நேரடியாகக் கோடிழுப்பவர் அவர். எனவே இந்தப் பணிக்கு முதல் தேவை இறகு. உயிர்க்கோழி விற்பவரிடம் கேட்டால் இறக்கையின் நீண்ட இறகுகள் கிடைக்கும். அவற்றை வெந்நீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவி, ஒரு நாள் முழுவதும் வெயிலில் உலர்த்தி, நுனியில் ஒரு விரற்கடை மட்டும் விட்டு மற்ற மயிர்களை உரித்துவிட வேண்டும். சுவருக்கு அடிக்கும் நீர்க்கலவைப் பெயின்ட் விலையும் குறைவு, இந்த வேலைக்குப் பொருத்தமும்கூட. தோசை மாவைவிடச் சற்று நீர்த்த பதத்தில் இருந்தால் இறகிலிருந்து இடைவிடாமல் இறங்கும். வீட்டுப் பொருள் வந்த பெரிய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, வெள்ளைப் பெயின்ட்டை இரண்டு முறை பூசி ஒரு வாரம் முன்னதாகவே காயவைத்துவிடவும். ஈரம் உள்ளே இருந்தால் கறுப்புக் கோடு கசிந்து கெட்டுவிடும்.

வேலையின் ஒழுங்கு இது. அட்டையை நடுவில் மெல்ல மடித்து ஒரு தடம் உண்டாக்க வேண்டும்; அந்தத் தடமே சமச்சீரின் அச்சு. இரண்டு பிள்ளைகள் இருபுறமும் அமர்வார்கள். ஒருவர் ஒரு கோடு இழுத்ததும் மற்றவர் அதையே தம் பக்கத்தில் எதிர்ப்பக்கமாக இழுப்பார். "மேலே", "இடப்பக்கம்", "இரண்டு விரல் அகலம்" என்று தமிழிலேயே சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. முதலில் கறுப்புக் கோடுகள் எல்லாம் முடிய வேண்டும். அவை காய்ந்த பிறகுதான் உள்ளே நிறம் நிரப்ப வேண்டும்; கடைசியாக, நிறம் வழிந்த இடங்களில் கறுப்புக் கோட்டை மறுபடியும் அழுத்தமாக இழுக்க வேண்டும். நிறங்களைக் கலந்து சாயல் உண்டாக்கக்கூடாது. ஒவ்வொரு கட்டமும் தட்டையான ஒரே நிறத்தில் இருந்தால்தான் தொலைவிலிருந்து பார்க்கும்போது சுவர் பேசும்.

எதை வரைவது என்ற கேள்வி இங்கே எழும். ந்டெபெலே பெண்கள் தாங்கள் அன்றாடம் கண்டவற்றையே நேர்கோடுகளாக மாற்றினார்கள்: படிக்கட்டு, மின்விளக்கு, வானூர்தி, சவரத் தகடு எல்லாம் அந்தச் சுவர்களில் உண்டு. ஆகவே அவர்களுடைய வடிவங்களை அப்படியே படியெடுக்காமல், நம் பிள்ளைகள் தங்கள் தெருவில் உள்ள பொருளொன்றைத் தேர்ந்து அதே முறையில் கோணமாக்க வேண்டும். குத்துவிளக்கு நேர்கோட்டுக்கு எளிதாக வளைந்துகொடுக்கும். காவடியின் வளைவு மிகக் கடினமானது. பேருந்து நிழற்குடை, கரும்புத் தோகை, அடுக்குமாடி வீட்டின் சலவைக்கொடி ஆகியவை நன்றாக அமைந்தன. கோலத்தையும் ந்டெபெலே வடிவத்தையும் ஒரே அட்டையில் கலக்க வேண்டாம் என்பது என் கருத்து. வளைந்து ஓடும் கோடும் வெட்டி நிற்கும் கோடும் வெவ்வேறு ஒழுக்கத்தைக் கேட்பவை. இரண்டையும் தனித்தனியே கற்ற கைக்குத்தான் அவற்றைச் சேர்க்கும் உரிமை உண்டு.

இந்தச் சுவர்களின் வரலாற்றையும் வயதில் மூத்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1883இல் டச்சு வழிவந்த வெள்ளையரான போயர்களின் டிரான்ஸ்வால் அரசிடம் ந்டெபெலேக்கள் தோற்றபோது அவர்களுடைய நிலம் பறிக்கப்பட்டது. குடும்பங்கள் பிரிக்கப்பட்டு வெள்ளையர் பண்ணைகளில் ஒப்பந்த வேலைக்கு அமர்த்தப்பட்டன. பின்வந்த காலத்தில் சிதறிய மக்களுக்குத் தங்களை இன்னார் என்று காட்டிய அடையாளங்களுள் ஒன்றாக இந்தச் சுவர் ஓவியம் வளர்ந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டிரூரோ கப்பலில் ஒப்பந்தத் தொழிலாளர்களாக டர்பன் துறைமுகத்தில் வந்திறங்கியவர்களின் வழித்தோன்றல்களுக்கு, ஒப்பந்தம் என்ற சொல்லைத் தனியாக விளக்கத் தேவையில்லை.

கரியும் துணியும்: வில்லியம் கென்ட்ரிஜின் வழி

ஆண்டின் நடுவில், பிள்ளைகளின் கை ஓரளவு பழகிய பிறகு, இந்தப் பணியை வைக்கவும். 1955இல் ஜோகன்னஸ்பர்கில் பிறந்த வில்லியம் கென்ட்ரிஜ், 1989 முதல் கரியோவியங்களைக் கொண்டு அசையும் படங்களை உருவாக்கி வருகிறார். வழக்கமான அசைபடத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு புதிய தாள் வேண்டும். அவரோ ஒரே தாளில் வரைந்து, படம் எடுத்து, சிறிது அழித்து, மாற்றி வரைந்து, மீண்டும் படம் எடுக்கிறார். அழித்த கரி முழுவதும் போய்விடாது. பழைய கோட்டின் மங்கிய தடம் தாளில் தங்கிவிடும். அந்தத் தடமே படத்தின் உயிர்.

தேவையானவை கரித்துண்டு, தடித்த ஓவியத்தாள், பழைய பருத்தித் துணி, ரப்பர், ஒரு கைப்பேசி. கரியை நாமே செய்துகொள்ளலாம். வீட்டில் பிராய் (திறந்த வெளியில் கனலில் இறைச்சி சுடுவது) போடும் நாளில், விரல் தடிமனுள்ள உலர்ந்த திராட்சைக்கொடிக் குச்சிகளைப் பட்டை உரித்து, மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை மட்டும் போட்டுக் கனலின் நடுவே வைக்க வேண்டும். துளையிலிருந்து வரும் புகை முற்றிலும் நின்ற பிறகு டப்பாவை எடுத்து, அடுத்த நாள் வரை திறக்காமல் வைத்திருக்கவும். சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் குச்சிகள் எரிந்து சாம்பலாகிவிடும். இதைப் பெரியவர் ஒருவரே செய்ய வேண்டும். பிள்ளைகள் குச்சி அடுக்குவதோடு நிற்கட்டும்.

தாளைச் சுவரில் நான்கு மூலையிலும் ஒட்டவும். கைப்பேசியை எதிரே ஒரு நாற்காலியில் புத்தகங்களுக்கு நடுவே அசையாமல் பொருத்தி, தரையில் அதன் கால்களைச் சுற்றிச் சுண்ணக்கோடு போட்டுவிட வேண்டும். வேலை நடக்கும் நேரம் முழுவதும் வெளிச்சம் ஒரே அளவாக இருப்பது இன்றியமையாதது. டர்பனில் கடலிலிருந்து மேகம் ஏறி இறங்கும் நாளில் சன்னல் வெளிச்சத்தை நம்பினால் படம் கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும். திரையை மூடிவிட்டு, விளக்கொளியில் செய்யவும். கைப்பேசிக் கேமராவின் குவியத்தையும் ஒளியளவையும் பூட்டிவைக்கவும். நொடிக்கு எட்டுப் படம் என்று வைத்துக்கொண்டால், பத்து நொடிப் படத்துக்கு எண்பது முறை எடுக்க வேண்டும். நால்வர் கொண்ட குழுவுக்கு இரண்டு சனிக்கிழமைகளில் முடிகிற வேலை. ஒருவர் வரைய, ஒருவர் அழிக்க, ஒருவர் படம் எடுக்க, ஒருவர் எண்ணிக்கையைத் தமிழில் உரக்கச் சொல்ல வேண்டும். எண்பது வரை தமிழில் எண்ணத் தெரியாத பிள்ளை இந்தப் பணிக்குப் பிறகு எங்கள் வகுப்பில் இருந்ததில்லை.

கரியை அழிக்கும்போது ஊதக்கூடாது, தேய்க்கவும் கூடாது; துணியால் மெல்ல ஒற்றி எடுத்துவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் ரப்பரைப் பயன்படுத்த வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் ஒரு விரல் அகலத்துக்கு மேற்படாமல் இருந்தால் அசைவு இயல்பாக வரும். பிள்ளைகள் அவசரப்படுவது இங்கேதான். முதல் பத்துப் படங்களை எடுத்ததும் ஓட்டிக் காட்டிவிட்டால், அதன் பின் அவர்களே நிதானமாகிவிடுவார்கள்.

கதைப்பொருளாக நான் கொடுப்பது வீடு. ஒவ்வோர் இனத்தவரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற 1950ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தின்கீழ் டர்பனின் கேட்டோ மேனர் போன்ற இடங்களிலிருந்த இந்தியக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, 1960களில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டன. எங்கள் பிள்ளைகளின் தாத்தாக்களும் ஆயாக்களும் அந்தத் தகர வீடுகளையும் மாமரங்களையும் நினைவில் வைத்திருப்பவர்கள். பிள்ளை வீட்டில் பெரியவர் ஒருவரிடம் "நீங்கள் சிறுவயதில் இருந்த வீட்டில் என்னென்ன இருந்தன?" என்று கேட்டு, மூன்று பொருள்களையாவது எழுதிவர வேண்டும். இழப்பைப் பற்றி நேராகக் கேட்கச் சொல்ல வேண்டாம். அவர்கள் விரும்பினால் தாமே சொல்வார்கள். ஒரு குழு அந்த வீட்டைத் தாளில் வரைந்து, சுவர் சுவராக அழித்துக்கொண்டே வந்தது. கடைசிப் படத்தில் வீடு இல்லை. ஆனால் கூரையின் சாய்வும் மரத்தின் வளைவும் சாம்பல் நிறத் தடமாகத் தாளில் நின்றன. அதைப் பார்க்க வந்திருந்த ஒரு பாட்டி வெகுநேரம் அந்தத் தாளின் முன்னே நின்றுகொண்டிருந்தார். கென்ட்ரிஜின் முறையை ஏன் தேர்ந்தேன் என்று எவருக்கும் அதன் பிறகு நான் விளக்கவேண்டி வரவில்லை.

லினோவில் தமிழ் எழுத்து

நம் குவாசூலு-நட்டால் மாகாணத்திலேயே, ரோர்க்ஸ் டிரிஃப்ட் என்னும் ஊரில், பேடர் கோவேனியஸ், உல்லா கோவேனியஸ் என்ற சுவீடன் நாட்டு ஓவியத் தம்பதியர் 1960களில் ஒரு கலை, கைவினை மையத்தை வளர்த்தெடுத்தனர். கறுப்பினத்தவருக்கு ஓவியக் கல்வியின் கதவுகள் பெரும்பாலும் மூடியிருந்த காலம் அது. அசரியா ம்பாத்தா, ஜான் முவாஃபாங்கேஜோ முதலியவர்கள் அங்கே லினோ வெட்டச்சில், அதாவது லினோ என்னும் மென்மையான தகட்டில் படத்தைச் செதுக்கி மையிட்டு அச்சிடும் கலையில், பெயர் பெற்றனர். முவாஃபாங்கேஜோ தம் படங்களுக்குள்ளேயே சொற்களையும் வாக்கியங்களையும் செதுக்கியவர் என்பதால், மொழி வகுப்புக்கு அவரைப்போல் பொருந்துபவர் வேறொருவர் இல்லை.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் லினோவும் செதுக்குளியும் கொடுக்கவும். சிறியவர்கள் இறைச்சிக் கடையில் வரும் நுரைத்தட்டைக் கழுவி, அதன் மேல் பென்சிலால் அழுத்தி வரைந்தால் அதே முறையில் அச்சிடலாம். லினோவை அரை மணி நேரம் வெயிலில் வைத்தால் வெண்ணெய் போல வெட்டுப்படும். உளி எப்போதும் உடலைவிட்டு வெளிநோக்கியே செல்ல வேண்டும். பிடித்திருக்கும் கை ஒருபோதும் உளிக்கு முன்னால் வரக்கூடாது. இந்த இரண்டையும் மீறுபவரிடமிருந்து அன்றைக்கு உளியை வாங்கிவிட வேண்டும், விதிவிலக்கே கூடாது.

அச்சில் எல்லாம் இடவலமாக மாறும். சொல்லை மெல்லிய தாளில் எழுதி, தாளைத் திருப்பி, பின்புறத்தில் தெரியும் கோட்டை லினோவில் பதிக்க வேண்டும். "ட", "ப" போன்ற எழுத்துகளை நேர்வெட்டில் முடித்துவிடலாம். "ழ", "ஞ", "ணை" ஆகியவை பொறுமையைச் சோதிக்கும். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் லினோவைத் திருப்பினால் கோடு உடையாது. கறுப்பு மையை உருளையில் மெல்லிய படலமாக ஏற்றி லினோ மேல் உருட்டவும். மை ஒட்டும்போது மெல்லச் சீறும் ஓசை கேட்டால் அளவு சரி. தாளை மேலே வைத்து, மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கவும். எழுத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் பார்த்துச் செதுக்கிய பிள்ளை, அதன் பிறகு அந்த எழுத்தை எழுதுவதில் தவறுவதில்லை.

இரண்டு சிறு பணிகள்

நேரம் மிகுந்தால் கம்பி பின்னலையும் மண் நிறத்தையும் சேர்க்கலாம். எங்கள் மாகாணத்துச் சூலு மக்கள் பானையை மூடப் புல்லாலும் பனையோலையாலும் பின்னிய இம்பெங்கே என்ற மூடியை, பின்னாளில் வண்ணத் தொலைபேசிக் கம்பியால் பின்னத் தொடங்கினார்கள். இன்று அது டர்பனின் அடையாளக் கைவினைகளுள் ஒன்று. முடிந்தால் பின்னுபவர் ஒருவரையே வகுப்புக்கு அழைத்து, உரிய ஊதியம் கொடுத்துக் கற்பிக்கச் செய்யவும். நூலைப் பார்த்துச் செய்வதைவிட அது பலமடங்கு சிறந்தது.

டிராக்கன்ஸ்பர்க் மலைக் குகைகளில் பழங்குடியினரான சான் மக்கள் தீட்டிய எலாண்டு மான்களைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு, செம்மண்ணைச் சலித்து முட்டை மஞ்சட்கருவோடு குழைத்து நிறம் செய்யக் கற்றுக்கொடுக்கலாம். அந்த மான் அவர்களுடைய வழிபாட்டோடு தொடர்புடையது என்பதால் அதைப் படியெடுக்கச் சொல்லாமல், பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தோட்டத்து உயிரொன்றைத் தீட்டட்டும். குகை ஓவியத்தைத் தொடவோ, நிறம் பளிச்செனத் தெரிய வேண்டும் என்று தண்ணீர் தெளிக்கவோ கூடாது என்பதைப் புறப்படும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பெயர் அட்டை

வேலைகளைக் காட்சிக்கு வைக்கும்போது ஒவ்வொன்றின் கீழும் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை வைக்கவும். பிள்ளையின் பெயர், வயது, பொருள், பயன்படுத்திய கருவி, யாருடைய வழியில் செய்யப்பட்டது ஆகியவற்றைப் பிள்ளையே தமிழில் எழுத வேண்டும். அதே செய்தியைப் பள்ளியில் சூலு படிக்கும் பிள்ளைகள் சூலுவிலும் எழுதட்டும். "எஸ்தர் மஹ்லாங்குவின் முறையில், கோழியிறகால்" என்ற ஒரு வரி போதும். ஓவியரின் பெயரை ஆசிரியர் திருத்திக் கொடுக்காமல், பிள்ளையே கேட்டறிந்து பிழையின்றி எழுதும் வரை அந்த அட்டையை மாட்டாமல் வைத்திருக்கவும்.